வெனிஸ் பாலத்தில் ஏறிய மணி

தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் ஊரில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்னபோது கமலம் நம்பவில்லை. "நீங்க வெள்ளம் வந்த நேரத்துல போயிருப்பீங்கப்பா" என்றாள். சின்னவன் அதற்கும் மேலே போய், "அப்போ மாடெல்லாம் எங்கே படுக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். வெனிஸில் நான் ஒரு மாட்டைக்கூடப் பார்க்கவில்லை. வாயால் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் நடுவில் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

சண்டை முடிந்த வருஷம், கோடைகாலம். இத்தாலி தேசத்தில் குண்டு விழுந்து உடைந்த பாலங்களுக்குப் பதிலாக எங்கள் பட்டாளம் புதுப் பாலம் போட்டுக்கொண்டிருந்தது. நாலு நாள் லீவு கொடுத்து, வெனிஸைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மூன்று பேர் சேர்ந்து போனோம். மூத்தவர் ஆரோக்கியசாமி அண்ணன், புத்தூர்க்காரர், சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்ட நாயக். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். இரண்டாவது காதர். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவன், பட்டாளத்தில் லாரி டிரைவர், தூங்கும்போது மட்டும் பேசமாட்டான். மூன்றாவது நான்.

ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர். அம்மா மண்டபத்துப் படித்துறை மாதிரியே இருந்தது. ஆனால் குளிக்க யாரும் இல்லை, எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். காதர் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஏண்ணே, ஒரு லாரிகூடவா இல்லை? இந்த ஊர்ல டிரைவரெல்லாம் எப்படிப் பொழைக்கிறான்?"

"டிரைவர் அதோ நிக்கிறான் பாரு" என்று ஆரோக்கியசாமி அண்ணன் கைகாட்டினார். ஒற்றைத் துடுப்போடு, நீளமான கறுப்புப் படகின் வாலில் ஒருவன் நின்றுகொண்டே தள்ளிக்கொண்டு போனான். கொள்ளிடத்தில் பரிசல்காரன் உட்கார்ந்து சுற்றுவான். இவன் நின்றபடி, சிகரெட்டும் பிடித்தபடி, ஒரு சுவரிலும் இடிக்காமல் மூலை திரும்பினான். வேலை தெரிந்தவனைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

நாங்கள் ஏறியது பொதுஜனங்கள் போகும் நீராவிப் படகு. அண்ணனுக்கு இத்தாலி பாஷை கொஞ்சம் வரும் என்று நம்பி அவர் காட்டியதில் ஏறினோம். பேசத்தான் வரும், பலகை படிக்க வராது என்று பிறகுதான் தெரிந்தது. அது ஊரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு தீவில் நின்றது. கறுப்பு உடை போட்ட பெண்கள் பூவோடு இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். செங்கல் மதில், உள்ளே வரிசை வரிசையாகச் சிலுவை.

"வந்த முதல் நாளே கல்லறைக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களேண்ணே" என்றான் காதர். "சண்டையில தப்பிச்சது போதாதா?"

அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு ஜெபம் சொன்னார். அதுவரை நாங்களும் தலை குனிந்து நின்றோம். திரும்பிப் போகிற படகு வர வெகுநேரம் ஆயிற்று. முதல் நாள் அப்படிப் போனது.

இரண்டாம் நாள் நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு பக்கமாக நடந்தால், நாலு மூலை திரும்பியதும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். குருடன்கூடத் தொலைந்துபோக மாட்டான். வெனிஸில் அந்தக் கணக்கு செல்லாது. நாலு மூலை திரும்பினால் ஒரு சுவர். இன்னும் இரண்டு மூலை திரும்பினால் தண்ணீர். சின்னக்கடைத் தெருச் சந்துகளைவிட ஒடுங்கிய சந்து, அதன் முடிவில் திடீரென்று ஒரு மைதானம், அதில் ஒரு கோயில், ஒரு கிணறு. மறுபடி சந்து. வழி கேட்டால் எல்லோரும் "நேராகப் போங்கள்" என்றார்கள். அந்த ஊரில் நேர் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பசி வந்தது. ஒரு வாய்க்கால் ஓரத்தில் நாலு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக்கடை. அதை நடத்துகிறவள் ரோசா அம்மாள், ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் மேள சத்தம். எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னாள். முதலில் ஒரு தட்டு வந்தது. சோறு! ஆனால் கன்னங்கரேல் என்று இருந்தது. கடலில் பிடிக்கும் ஏதோ கணவாய் மீனின் மையை ஊற்றிக் கிளறியதாம்.

"மை ஊத்தின சோறா?" என்றான் காதர். "இது கணக்குப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு போல இருக்கே!"

அதை அண்ணன் மட்டும் சாப்பிட்டார், பல்லெல்லாம் கறுத்துப்போயிற்று. எங்கள் இருவருக்கும் பச்சைப் பட்டாணி போட்டு வேகவைத்த சோறு வந்தது. காதருக்குச் சந்தேகம். பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கேட்க அவனுக்குச் சொல் வரவில்லை. தட்டைக் காட்டி, மூக்கைச் சுருக்கி, "உர் உர்" என்று உறுமினான். ரோசா அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையை ஆட்டி, "உர் உர் இல்லை!" என்று அவள் பாஷையில் சத்தியம் செய்தாள். ஒரு வருஷம் ரொட்டியும் டப்பா மீனும் தின்ற வாய். அந்தச் சோற்றைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள்.

சாப்பிடும்போதுதான் பார்த்தேன். கடை வாசலில், தண்ணீர் ஓரத்தில், மரச்சட்டத்துக்குள் ஒரு வெண்கல மணி நின்றது. என் மார்பு உயரம் இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

அது என்ன என்று அண்ணன் கேட்டார். ரோசா அம்மாள் வாய் திறந்தாள், அரைமணி நேரம் மூடவில்லை. அண்ணன் மொழிபெயர்த்துச் சொன்னது இதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயில் மணி அது. சண்டைக்காலத்தில் பீரங்கி வார்க்க மணிகளை இறக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவள் மகள் லூசியாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. ஆத்திரத்தில் இந்த அம்மாள் கோயில் வாசலில் நின்று, "அந்த மணி திரும்பி வந்து அடித்தால்தான் என் மகள் கல்யாணத்துக்கு இந்தப் படி ஏறுவாள்" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சிறைப்பட்டு, மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறான். வேறு ஊரில் வேலை கிடைத்து, சனிக்கிழமை மாலை போக வேண்டும். மணி உருக்கப்படாமல் தப்பித்துப் படகில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கோயிலை ஒட்டிய சின்ன வாய்க்கால் தூர் வாராமல் சேறு நிறைந்து, படகு போகவில்லை. மணியை இங்கேயே இறக்கிவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு பாலம், ஒட்டகத்தின் முதுகு போல ஏறி இறங்கும் படிக்கட்டுப் பாலம். பன்னிரண்டு ஆம்பிளைகள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்கள். பாதி ஏறி, பின்னால் வழுக்கி, ஒருவருக்குக் கால்விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

பாத்திரம் எடுக்க வந்த லூசியா நடுவில் புகுந்தாள். "மணியாவது மண்ணாவது! எனக்குக் கல்யாணம் வேண்டும். இவள் கடவுளிடம் சொன்ன வார்த்தைக்கு நான் கிழவி ஆகணுமா?"

"வாயை மூடு. சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்றாள் தாய்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் அவர். நேர்ந்துகொண்ட சொல்லை லேசில் விடுகிறவர் இல்லை. என் பக்கம் திரும்பினார். "மருதை, உனக்கு இது என்ன பெரிய வேலையா?"

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் நம் குடும்பத்துக்கு முட்டுக்கட்டை போடும் வேலை. சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரிக் கட்டையைக் கொடுத்து, தேரை நிறுத்துவதும் திருப்புவதும் நம் கை. ஊரே அண்ணாந்து பெருமாளைப் பார்க்கும்போது, நாம் மட்டும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். அத்தனை பெரிய தேருக்கு எதிரே இது ஒரு சுண்டைக்காய். நான் மணியைச் சுற்றி வந்தேன். பாலத்தில் ஏறிப் படிகளை எண்ணினேன். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கோயில் வாசல்ல வச்சிடலாம்னு சொல்லுங்கண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தேன். அன்று வியாழக்கிழமை. மறுநாள் தவறினால் அந்தப் பெண்ணின் கல்யாணம் எப்போதோ, யாருக்குத் தெரியும்?

முட்டுக்கட்டை செய்ய வேண்டும். அடுத்த வாய்க்காலில் படகு கட்டும் ஒரு தச்சரை ரோசா அம்மாள் கூட்டிவந்தாள். கட்டையின் வடிவம் அவருக்குப் புரியவில்லை. நானும் கையால் காட்டினேன், காற்றில் வரைந்தேன், ம்ஹூம். மேசை மேல் சோள மாவில் கிண்டிய களி ஒன்று பலகையில் இருந்தது. அதை அந்த ஊரில் நூலால் அறுத்துத் தின்பார்கள். நான் நூலை எடுத்து, களியைச் சாய்வாக அறுத்து, ஒரு முட்டுக்கட்டையாக்கி, ஒரு போத்தலுக்கு அடியில் கொடுத்துக் காட்டினேன். போத்தல் உருளாமல் நின்றது. தச்சர் "ஆ!" என்றார். ரோசா அம்மாளோ, பஞ்ச காலத்தில் சாப்பாட்டோடு விளையாட்டா என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். முட்டுக்கட்டை முழுவதையும் நானே தின்று முடிக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை. படிகள் மேல் பலகை அடித்தாகிவிட்டது. மரச்சட்டத்துக்கு அடியில் உருளைக் கட்டைகள். தச்சர் கெட்டி மரத்தில் இரண்டு முட்டுக்கட்டை, நீளக் காம்போடு, அழகாகச் செய்திருந்தார். வடம் பிடிக்க மறுபடியும் அதே பன்னிரண்டு ஆம்பிளைகள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு யோசனை சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அது நம் ஊரேதான்.

"இவங்க போதாதுண்ணே. பொம்பளைங்க, வயசானவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றேன்.

"பெண்களா?" என்றார் கோயில் சாமியார்.

"எங்க ஊர்த் தேர்ல ஆண் பெண் பார்க்கிறதில்லை சாமி. திருவெள்ளறையிலேர்ந்து விடிய விடிய நடந்து வந்து பிடிப்பாங்க" என்று அண்ணன் சொன்னார்.

ரோசா அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகக் கத்தினாள். சோப்பு நுரைக் கையோடு, மாவுக் கையோடு, தெருவே இறங்கி வந்தது. சாமியாரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தார்.

நாங்கள் மூவரும் பூட்ஸைக் கழற்றினோம். வடத்தைச் செருப்புக் காலோடு தொடுகிற வழக்கம் நமக்கு இல்லையே. தண்ணீருக்கு இறங்கும் படியில், ஈரமில்லாத ஒரு படி பார்த்து, ஆறு பூட்ஸையும் வரிசையாக வைத்தோம்.

அண்ணன் பாலத்து உச்சியில் நின்று மேசைத் துணியைக் கொடி போல வீசி, இழுக்கச் சைகை காட்டினார். காதர் தொண்டையைத் திறந்தான். "கோவிந்தா!"

"டேய்! இது மாதா கோயில் மணிடா. சாமியார் நிக்கிறாரு!" என்று அண்ணன் மேலேயிருந்து பதறினார்.

"வருஷா வருஷம் தேர் பார்க்க வந்தவன்ணே நான். பாரம்னா எனக்கு வாயில அதுதான் வருது!"

அது என்ன சொல் என்று சாமியார் கேட்டார். கடவுள் பெயர்தான் என்று அண்ணன் சங்கடத்தோடு சொன்னார். சாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் தப்பில்லை" என்று சொல்லி வடத்தை இறுக்கிப் பிடித்தார். அடுத்த வீச்சுக்குத் தெருவே "கோவிந்தா!" என்றது.

மணி அசைந்தது. நான் பின் உருளையை மட்டும் பார்த்தேன். ஓர் இழுப்பு, கட்டையைக் கொடு. மூச்சு விடு. ஓர் இழுப்பு, கட்டையைக் கொடு. பின்னால் வெளியே வரும் உருளையை இரண்டு பேர் எடுத்துப்போய் முன்னால் போட்டார்கள். முன்பு வழுக்கிய இடத்தில் சட்டம் ஒரு தடவை பின்னுக்கு வந்தது. கட்டை கடித்துப் பிடித்துக்கொண்டது. "பிடிச்சிருச்சு! இழுங்க!" என்றேன். உச்சிக்கு வந்துவிட்டோம். எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை. சித்திரை வீதி சமதரை. இறக்கம் என்ற ஒன்றை நம் தேர் கண்டதே இல்லை. ஏறுவதையே நினைத்துக்கொண்டிருந்த நான், இறங்குவதற்குப் பின்பக்கம் ஒரு கயிறு கட்டச் சொல்லவில்லை. உற்சாகத்தில் சனங்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். மணி முன்பக்கம் சாய்ந்தது. "விடுங்க! வடத்தை விடுங்க!" என்று தமிழில் கத்தினேன். அவர்களுக்கு என்ன தெரியும்? இன்னும் இழுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தார்கள்.

கீழே, நேர் எதிரே, வடத்தின் தலைப்பில் லூசியா நிற்கிறாள்.

நான் முன்னால் பாய்ந்து முன் உருளைக்கு அடியில் கட்டையைக் கொடுத்தேன். கட்டை கிறீச்சென்று பலகையில் வழுக்கியது. காதர் அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடிவந்து கொடுத்து, அதன் காம்பின் மேலேயே விழுந்து அழுத்தினான். ஒரு பலகை முறிந்தது. சட்டம் நின்றது. நின்ற குலுக்கலில் உள்ளே நாக்கு ஆடி, "டாங்" என்று ஒரே ஒரு தரம் அடித்தது.

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரோசா அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருதை, கையை எடுக்கலாமா?" என்று காதர் மெதுவாகக் கேட்டான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

பிறகு புத்தி வந்தது. இன்னொரு வடத்தைப் பின்பக்கம் கட்டி, படகு கட்டும் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்கினோம். பாலம் கட்டுகிற எங்களுக்கு அது தினசரி வேலை. மத்தியானம் கோயில் வாசலில் மணி நின்றது. தச்சர் மூன்று மரத்தை நட்டு மைதானத்திலேயே அதைத் தொங்கவிட்டார். கோபுரத்தில் ஏற்றுவது பிறகு நடக்கட்டும், அடித்தால் போதும் என்றாள் ரோசா அம்மாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பூட்ஸ் போடப் போனோம். படியைக் காணோம்! தண்ணீர் மேலே வந்திருந்தது. காவிரியில் தண்ணீர் ஏறுவதென்றால் நாலு நாள் முன்பே ஊரெல்லாம் பேச்சு வந்துவிடும். இது கடல் தண்ணீர். யாரிடமும் சொல்லாமல் தினம் இரண்டு தடவை ஏறி இறங்குமாம். ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பாலத்துக்கு அடியில் ஒரு பூட்ஸ் மட்டும் தனியாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. ஒரு படகுக்காரர் துழாவி மூன்றை எடுத்துக் கொடுத்தார். காதருக்கு இரண்டு, எனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்றும் இல்லை.

"அண்ணே, உங்க பூட்ஸ் ரெண்டுக்கும் முழு லீவு குடுத்துட்டாங்க" என்றான் காதர். அவன் குரல் திரும்பிவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்களைத் திருப்பி ஏற்றிப்போகும் பட்டாளத்துப் படகு. கல்யாணமோ பத்து மணிக்கு. இருக்க முடியாது என்று சொன்னோம். ரோசா அம்மாள் நேரே சாமியார் வீட்டுக்குப் போய் எட்டு மணிக்கு மாற்றிவிட்டு வந்தாள். நம் ஊரில் கலெக்டரே வந்தாலும் முகூர்த்தத்தை நகர்த்த மாட்டோம். அவள் எங்கள் மூன்று பேருக்காக நகர்த்தினாள்.

அந்தப் படகை நாங்கள் தவறவிட்டோம் என்பதையும், அதற்காக ஒரு வாரம் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு தவறினால் தண்டனை உண்டு, நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. எங்களுக்கு யார் யாருடைய மரக்கட்டைச் செருப்போ கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை, ஒல்லியான பையன், கோயில் வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். வெள்ளை உடுப்பில் லூசியா வந்தாள். மணி அடிக்கிற பழைய ஆள் சண்டையில் போய்விட்டாராம். சாமியார் எங்கள் பக்கம் பார்த்தார். "நீங்கள் கொண்டுவந்தது. நீங்களே அடியுங்கள்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் காதரைப் பார்த்தேன். "பொண்ணு அடிக்கட்டும்ணே" என்றான் காதர்.

அண்ணன் சொன்னதும் லூசியா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பூங்கொத்தைத் தாயின் கையில் திணித்துவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முதல் அடிக்குப் புறாக்கள் எல்லாம் எழும்பின. இரண்டாவது அடிக்குச் சுற்றிலும் ஜன்னல்கள் திறந்தன. பத்து, பதினைந்து, இருபது என்று அவள் நிறுத்துகிறபாடில்லை. தலைத்துணி நழுவி, முகம் சிவந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இழுத்தாள். ரோசா அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "போதும்டீ, போதும்! உள்ளே அவன் காத்திருக்கிறான்!"

"மூணு வருஷம் நான் காத்திருந்தேன் அம்மா. அவன் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்!"

அண்ணன் இதை எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டேய், இப்போ ஓடினால்தான் படகு" என்றார்.

"ஓடலாம்ணே" என்றான் காதர்.

மூன்று பேரில் ஒருவரும் நகரவில்லை.